ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சராக இருந்தவருக்கு, வந்தவரைத் திருப்பி அனுப்பத் தெரியாது. நல்ல மனிதர் என்று புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அது அவருக்கு ஒரு வியாதி போலவே இருந்தது. தோட்டத்தில் பேர் பதிந்த ஆட்களுக்கு மட்டும்தான் மருந்து என்பது சட்டம். ஆனால் அவருடைய பெஞ்சில் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் இருப்பார்கள், கொட்டகலை பஜாரில் கருவாடு விற்கிறவர் இருப்பார், கீழே சிங்களக் கிராமத்திலிருந்து காலில் புண்ணோடு ஏறி வந்த பிக்கு ஒருவரும் இருப்பார். ஒரு நாள் துரை எட்டிப் பார்த்தார். பெஞ்சின் ஓரத்தில் இருமிக்கொண்டிருந்தவரைக் காட்டி, "இந்த ஆள் நம்ம தோட்டமா?" என்று கேட்டார்.

"ஆளு பக்கத்துத் தோட்டம்தாங்க. இருமல் நம்ம தோட்டத்து இருமலுங்க" என்றார் இவர்.

துரை தொப்பியால் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். சிரிப்பா கோபமா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

நான் இவரை முதன்முதலில் பார்த்தது என் கல்யாணத்துக்கு மறுநாள். கொட்டகலை ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியோடு இறங்கி நிற்கிறேன். என் வீட்டுக்காரர், அதாவது மாஸ்டர், புதுப் பெண்டாட்டியை மோட்டார் சைக்கிளில் வைத்து வீட்டுக்கு அழைத்துப் போகும் கனவோடு காலையிலேயே வண்டியைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார். அது கிளம்பவில்லை. மாஸ்டர் உதைத்து உதைத்து வேட்டி அவிழும் நிலைக்கு வந்தபோது, பக்கவாட்டில் ஆள் உட்காரப் பெரிய தொட்டி பொருத்திய ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதிலிருந்து பருத்த உடம்பும் வெள்ளைக் கோட்டுமாக இவர் இறங்கினார். "ஏறுங்க டீச்சர், நம்ம வண்டிதான்" என்றார். ஏறினேன். வழியில் பலாப்பழத்தோடு நின்ற ஒரு கங்காணியையும் ஏற்றிக்கொண்டார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் கால் ஒடிந்த ஓர் ஆட்டை என் மடியில் வைத்தார். புகுந்த வீட்டில் ஆட்டோடு போய் இறங்கிய புதுப்பெண் எங்கள் வம்சத்தில் நான் ஒருத்திதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிய காலம் அது. கப்பலில் ஏற்ற முடியாததையெல்லாம் விட்டுவிட்டுப் போனார்கள். நாய், பியானோ, ரோஜாச் செடி, பிறகு இந்த மோட்டார் சைக்கிள்கள். அவற்றில் பாதி, உலக யுத்தத்துக்கு வெகுகாலம் முன்பு இங்கிலாந்தில் செய்தவை. அங்கேயே யாரும் சீந்தாத அந்தக் கிழட்டு வண்டிகளைத்தான் எங்கள் ஆட்கள் வாங்கி, சாணைத் துணியால் தேய்த்து, பெண் பிள்ளையை வளர்ப்பதுபோல் வளர்த்தார்கள். எங்கள் வீட்டில் பால்மா டின்னுக்குப் பக்கத்தில் கிரீஸ் டின் இருக்கும். இரண்டில் எது முதலில் தீர்ந்தால் மாஸ்டர் கவலைப்படுவார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

டிஸ்பென்சருக்கு வண்டி வைத்தியம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் வண்டி மீது பாசம் அதிகம். எஞ்சின் சரியில்லை என்று யாராவது சொன்னால் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அதன் மீது வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "சளி கட்டியிருக்குங்க" என்பார். விளக்கெண்ணெய் ஊற்றச் சொல்வார். ஊற்றிய பிறகு அந்த வண்டி போகும் வழியெல்லாம் ஒரு பிரசவ வார்டு வாசனை வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லா வண்டிகளும் கொட்டகலை ஸ்டேஷனுக்கு மேலே, தோட்டத்துப் பழைய லாரிக் கொட்டகையில் கூடும். அந்தக் கூட்டத்துக்குப் பெரட்டு என்று பெயர் வைத்தவரும் டிஸ்பென்சர்தான். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவதுதான் பெரட்டு. பிந்தி வந்தவர்களை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கே விரட்டிவிடுவார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டில் யாரையும் விரட்டுவதில்லை. பேர் கூப்பிடுவது டிஸ்பென்சர். கூப்பிடுவதும் ஆட்களை அல்ல, வண்டிகளை. எங்கள் வண்டிக்கு அவர் வைத்த பெயர் 'கோவக்காரி'. பஜார் டெய்லரின் வண்டி 'சட்டை'. தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கரின் வண்டி 'புகைக்கூண்டு'. கூப்பிட்டதும் வண்டியே உறுமிப் பதில் சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை.

ஒரே ஒரு வண்டி மட்டும் வாய் திறக்காது. அது பெரிய கிளாக்கருடையது. அதன் பெயர் 'கவர்னர்'. பெயர் கூப்பிட்டதும் கிளாக்கர் ஐயா எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "ஆஜர்" என்பார். "இன்னைக்குக் குளிரு ஜாஸ்தி. எண்ணெய் எறுகிப் போச்சு" என்று ஒரு காரணமும் சொல்வார். கவர்னருக்கு மேடைப் பேச்சு வராது, அவருக்காகச் செகரட்டரி பேசுகிறார் என்று மாஸ்டர் என் காதில் சொல்வார்.

கிளாக்கர் ஐயா ஒல்லியான, நிமிர்ந்த, கஞ்சி போட்ட மனிதர். தோட்டத்து ஆபீஸில் அவர் பேனா அசையாமல் ஒரு ஆணி கூட வெளியே போகாது. கொட்டகைச் சாவியும் அவரிடம்தான். கவர்னரை அவர் தினமும் துடைப்பார். ஆனால் அதை உதைத்துக் கிளப்புகிற பலம் அவர் காலில் இல்லை. வேறொருவர் கால் அதன் மீது படவும் அவர் விடமாட்டார். பெரட்டுக்குச் சட்டம் போட்டவரும் அவர்தான். வண்டி இங்கிலாந்தில் பிறந்திருக்க வேண்டும், யுத்தத்துக்கு முன்பு பிறந்திருக்க வேண்டும். இரண்டே விதி.

டிஸ்பென்சர் அந்தச் சட்டத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். பிறகு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

முதலில் அவர் கூட்டி வந்தது கோயில் ஃபாதரை. ஃபாதரிடம் இருந்தது இத்தாலி ஸ்கூட்டர். அன்று கிளாக்கர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"டிஸ்பென்சர், இது மோட்டார் சைக்கிள் இல்ல. தையல் மெஷினுக்குச் சக்கரம் போட்டிருக்கான்."

"ஆமாங்கய்யா. ஆனா சாமியார் ஏறி வந்துட்டாரே. எறங்கி நடந்து போங்கன்னு யாரு சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

கிளாக்கர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் சிரித்துக்கொண்டே ஜெபமாலையைத் தடவினார். கடவுளுக்கு மட்டும் விதிவிலக்கு என்று தீர்ப்பாயிற்று. தையல் மெஷினைத் தன் வண்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்த டெய்லர் இடம் கொடுத்தார். ஸ்கூட்டருக்கு அன்றே 'அந்தோனியார்' என்று பெயரும் வந்துவிட்டது.

இப்படிச் சட்டம் ஒரு பக்கம் இருக்க, வரிசை ஒரு பக்கம் நீண்டுகொண்டு போனது. டிஸ்பென்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் தம்பி என்று யாரும் வந்து நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை இரவே ஒரு பெரிய கேத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். ஞாயிறு காலை அத்தனை பேருக்கும் அவர் கையால்தான் தேத்தண்ணி. கந்தப்பளை வரைக்கும் ஒரு தடவை எல்லோரும் ஊர்வலமாகப் போனோம். திரும்பும்போது தொட்டி நிறையக் கோவா, லீக்ஸ் என்று மரக்கறி வாங்கி, வழிநெடுக லயங்களில் கொடுத்துக்கொண்டே வந்தார். அன்று அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. இந்த வரிசைதான் இவருக்குக் குடும்பம். இது கலைந்தால் இவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காது.

கலையப் பார்த்தது, அறுபத்து நாலாம் வருஷக் கடைசியில்.

பொல்பிட்டியப் பக்கத்தில் மின்சாரக் கம்பி வேலை செய்கிற ஒரு சிங்கள மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோட்டோரம் நின்று எங்கள் வண்டிகளை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். அவருடையது ஜப்பான் வண்டி. சின்னது, சிவப்பு, புத்தம் புதுசு. டிஸ்பென்சர் போய் அவருடைய கையைப் பிடித்து, "என்ன மல்லி, என்ன" என்று சிங்களத்தில் கூப்பிட்டுக் கொட்டகைக்குள் கொண்டு வந்தார். தம்பி, வா என்று அர்த்தம். அந்த மனிதர் வண்டியைக் கிளப்பிக் காட்டினார். ஒரே உதை. பூனை குறட்டை விடுகிற சத்தம். எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உதைத்தால் உடனே கிளம்பும் வண்டியை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை.

"இதுக்குப் பேரு மாப்பிள்ளைங்க" என்றார் டிஸ்பென்சர்.

"பொண்ணு குடுத்தது யாரு?" என்றார் கிளாக்கர்.

எல்லோரும் சிரித்தார்கள். கிளாக்கர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். "ஃபாதருக்காக ஒருதடவ விட்டேன். இது பழசும் இல்ல, இங்கிலீஷும் இல்ல. நேத்து வந்ததெல்லாம் நம்ம வரிசையில நிக்கக் கூடாது. வெளிநாட்டுலருந்து வந்தது வந்த எடத்துக்கே..."

அதோடு நிறுத்திவிட்டார். வார்த்தை அவர் வாயிலேயே நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, தோட்டத்துத் தமிழர்களான எங்களில் இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டது அப்போதுதான். யார் போவது, யார் இருப்பது என்று லயத்துக்கு லயம் அதே பேச்சு. வந்த இடத்துக்கே போ என்பதை பஸ்ஸில் கேட்டிருக்கிறோம், அரசாங்கக் கந்தோரில் கேட்டிருக்கிறோம். கிளாக்கர் ஐயா பிறந்தது கொட்டகலையில். அவர் தகப்பனாரும் இங்கேதான் பிறந்தார். ஆனாலும் அவருக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவரைச் சுட்ட அதே வார்த்தையை அவரே ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

நானாக இருந்தால் அந்த இடத்தில் அவர் பேச்சைப் பிடித்திருப்பேன். என் நாக்கு அப்படி. டிஸ்பென்சர் கேத்தலை எடுத்தார். "கிளாக்கர் ஐயா, தேத்தண்ணி ஆறிப் போகுதுங்க" என்று ஒரு கோப்பையை நீட்டினார்.

அவமானப்பட்ட மனிதருக்கு அன்பு இன்னும் எரிச்சலைத்தான் கொடுக்கும். கிளாக்கர் கோப்பையை வாங்கவில்லை. "கொட்டகை தோட்டத்துச் சொத்து. சாவி என் பொறுப்பு. ஒண்ணு அந்த வண்டி வெளிய போகணும், இல்லாட்டி நீங்க எல்லாரும் போகணும்" என்றார்.

டிஸ்பென்சர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் தொட்டி வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்துச் சவுக்கு மரத்தடியில் நிறுத்தினார். ஃபாதர் பின்னாலேயே போனார். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் பார்த்த பார்வையில் அவரும் கோவக்காரியைத் தள்ளிக்கொண்டு போனார். டீமேக்கரும் டெய்லரும் கிளாக்கரோடு கொட்டகையில் நின்றுவிட்டார்கள்.

அதன் பிறகு ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பெரட்டு, அந்தப் பக்கம் ஒரு பெரட்டு. டிஸ்பென்சர் வழக்கம் போலவே பேர் கூப்பிடுவார். அந்தோனியாரைக் கூப்பிடுவார், மாப்பிள்ளையைக் கூப்பிடுவார். ரோட்டுக்கு அப்பால் கேட்கிறபடி உரக்க, "கவர்னர்" என்றும் கூப்பிடுவார். பதில் வராது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். தேத்தண்ணி ஊற்றும்போது ஒரு கோப்பை கூடுதலாக ஊற்றி, அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். சிரிப்பு மட்டும் குறையவில்லை. ஆனால் கோட்டு தொளதொளவென்று ஆனதை நான் கவனித்தேன்.

கொட்டகைக்குள் சட்டம் இறுகியது. வண்டி இங்கிலாந்தில் பிறந்தால் போதாது, அதன் ஒவ்வொரு உறுப்பும் அங்கேதான் பிறந்திருக்க வேண்டும் என்று கிளாக்கர் சோதனை போட ஆரம்பித்தார். புகைக்கூண்டின் முன்விளக்கு ஜெர்மனி என்று கண்டுபிடித்தார். டீமேக்கர் கோபித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி எங்களிடம் வந்துவிட்டார். அடுத்த வாரம் டெய்லரின் முறை.

"இந்த சீட்டுத் தோல் எந்த ஊரு?" என்றாராம் கிளாக்கர்.

"நான்தாங்க தைச்சேன்."

"தைச்சது இருக்கட்டும். மாடு எந்த ஊரு?"

"மாடு நம்ம தலவாக்கொல்லை மாடுங்க" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் விசாரணைக்கு நிற்காமல் டெய்லரும் வந்துவிட்டார். வந்து சொன்னபோது எனக்குப் புரையேறியது. டிஸ்பென்சர் சிரிக்கவில்லை. "அப்ப அங்க யாருங்க இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

யாரும் இல்லை. கொட்டகையில் மிஞ்சியது கவர்னர் ஒன்றுதான். ஒரு ஆணி கூட மாற்றாத சுத்தமான வண்டி. மாற்றவேயில்லை, ஏனென்றால் ஓடவேயில்லை.

அடுத்த ஞாயிறு காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் எல்லோரும் சவுக்கு மரத்தடியில் நனைந்துகொண்டு நிற்கிறோம். எதிரே அத்தனை பெரிய தகரக் கொட்டகையில், வாசலை அடைத்தாற்போல் நிறுத்திய ஒற்றை வண்டிக்குப் பக்கத்தில், ஒற்றை ஆளாகக் கிளாக்கர் உட்கார்ந்திருக்கிறார். நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"போய்க் கூட்டிட்டு வாங்களேன்" என்றேன் டிஸ்பென்சரிடம்.

"கூப்பிட்டா வரமாட்டாங்க டீச்சர். நாம போவோம். போனா வெரட்டமாட்டாங்க."

அவர் ரோட்டைத் தாண்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். கொட்டகை வாசலுக்கு வெளியே, தகரத்திலிருந்து தண்ணீர் ஊற்றும் இடத்திலேயே நின்றுகொண்டு அவர் கேட்டார்.

"ஐயா, வெளிய நல்ல மழைங்க. நாங்க உள்ள வந்து நிக்கலாங்களா?"

தோட்டம் முழுவதும் யாருக்கும் இல்லை என்று சொல்லாத மனிதர், இடம் கேட்டு ஒரு வாசலில் நின்றதை அன்றுதான் பார்த்தேன். கேட்டது நடிப்பு இல்லை. இல்லை என்று கிளாக்கர் சொல்லியிருந்தால் திரும்பி வந்து மழையிலேயே நின்றிருப்பார். கிளாக்கர் எங்களைப் பார்த்தார், ரோட்டுக்கு அப்பால் நின்ற வரிசையைப் பார்த்தார். எழுந்தார். வாசலை அடைத்திருந்த கவர்னரைத் தன் கையாலேயே தள்ளி வெளியே மழைக்குக் கொண்டு போனார்.

வண்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. அந்தோனியார், சட்டை, புகைக்கூண்டு, எங்கள் கோவக்காரி, தொட்டி. பொல்பிட்டிய மனிதர் மட்டும் ஜப்பான் வண்டியோடு ரோட்டிலேயே நின்றார். அவருக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அன்றைக்குக் கிளாக்கர் சொன்னது என்னவென்று அவருக்கும் விளங்கித்தான் இருந்தது. கிளாக்கர் அவரிடம் போய், ஆபீஸில் பேசுகிற சுத்தமான சிங்களத்தில், "அத்துலட்ட தாகன்ன" என்றார். உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் கைப்பிடியில் ஒரு கையைப் போட்டு அவரும் சேர்ந்து தள்ளினார்.

"ஒங்க வண்டி நனையுதுங்களே" என்றார் டிஸ்பென்சர்.

"நனையட்டும். ஓடாத வண்டிதானே."

எண்ணெய் இறுகியதென்றும் குளிர் என்றும் எத்தனையோ வருஷம் கேட்டிருக்கிறோம். ஓடாது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"யாரு சொன்னா ஓடாதுன்னு? தள்ளுறதுக்கு ஆள் இல்லாம இருந்துச்சு, அவ்வளவுதாங்க" என்று டிஸ்பென்சர் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "டேங்குல பெட்ரோல் இருக்குங்களா?"

"இருக்கு" என்றார் கிளாக்கர். பிறகு மெதுவாக, "வாராவாரம் மாத்தி ஊத்துறேன்" என்றார்.

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையாக இருந்தது நல்லதாயிற்று.

கிளாக்கர் ஏறி உட்கார்ந்தார். பின்னாலிருந்து எல்லோரும் கை வைத்தார்கள். ஃபாதர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டார். பொல்பிட்டிய மனிதர் ஒரு பக்கம், டிஸ்பென்சர் ஒரு பக்கம். ஸ்டேஷனை நோக்கிப் போகும் இறக்கத்தில் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கவர்னர் ஒரு தடவை செருமினார், இன்னொரு தடவை செருமினார், பிறகு மலையே அதிரும்படி வாயைத் திறந்தார். வெள்ளைப் புகைக்குள் கிளாக்கரின் முதுகு மட்டும் தெரிந்தது. வளைவில் அதுவும் மறைந்தது.

தள்ளியவர்கள் ஈரத்தோடு கொட்டகைக்குத் திரும்பினார்கள். டிஸ்பென்சர் மட்டும் நடுரோட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நான் குடையை அவர் பக்கம் நீட்டி, "வாங்க, சளி பிடிச்சுக்கும்" என்றேன்.

"இருங்க டீச்சர். இப்பல்லாம் லயத்துல யாரப் பாத்தாலும் போறதப் பத்தியே பேசுறாங்க. ஒருத்தர் போயிட்டுத் திரும்பி வர்றதப் பாத்துட்டு வர்றேன்" என்றார்.

இருவரும் நின்றோம். பஜார் பக்கம் ஏதோ நாய் குரைத்தது. ஒரு பஸ் போனது. மழை ஓயவில்லை. வெகுநேரம் கழித்து வளைவுக்குக் கீழே அந்தச் சத்தம் மறுபடி கேட்டது, மேட்டில் மூச்சுத் திணறி, நின்றுவிடுமோ என்று பயமுறுத்திக்கொண்டே ஏறி வந்தது. அவர் ரோட்டை விட்டு விலகி, தண்ணீர் ஓடும் கானோரமாக ஒதுங்கி வழி விட்டார்.